எட்ட நிற்பதும் எட்டிப் பிடிப்பதும்

வழி தெரியாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு எதிரே வருபவரிடம் "இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், பெரும்பாலும் "நடந்தால் பத்து நிமிடம்" என்றோ "வண்டியில் போனால் பக்கம்தான்" என்றோதான் பதில் வருகிறது. கேள்வி நீளத்தைப் பற்றியது, பதில் நேரத்தைப் பற்றியது. ஆனாலும் கேட்டவருக்கோ சொன்னவருக்கோ இதில் எதுவும் பொருந்தாமல் நிற்பதாகத் தோன்றுவதில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவருக்கு இது பிழையான பதிலாகத் தெரியலாம். எனக்கோ, தூரம் என்ற சொல்லை நாம் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை இந்தப் பதில்தான் சரியாகக் காட்டுகிறது என்று படுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் கிடக்கிறது என்பது நில அளவையாளருக்கும் பொறியாளருக்கும் வேண்டிய செய்தி. மற்றவர்கள் தூரத்தைக் கேட்கும்போது, அதைக் கடப்பதற்குத் தம்மிடமிருந்து என்ன போகும் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. "செல்" என்ற வினையிலிருந்து பிறந்த "செலவு" என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பதே பொருள். பொருள் தேடிப் பிரிய நினைத்த தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படாமல் தயங்கி நிற்பதை அகப்பாடல் மரபு "செலவழுங்கல்" என்று அழைக்கிறது. இன்றைய வழக்கில் செலவு என்றால் பணம் கையை விட்டுப் போவது. ஆகவே இத்துறையின் பெயரை முதன்முதலாகப் படிக்கும் மாணவர், தலைவனைக் கணக்குப் பார்க்கும் கஞ்சன் என்று நினைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பிருக்கிறது. அப்படி நினைத்தாலும் முழுத் தவறில்லை என்பேன். போவது ஆளானாலும் காசானாலும், கடக்க வேண்டிய வெளிக்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணம் இரண்டு பொருளுக்கும் அடியில் இருக்கிறது.

பழைய அளவைச் சொற்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கின்றன. சாணும் முழமும் உடலிலிருந்து எடுத்தவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தவை அவற்றைவிட நீளமானவை: கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம். குரல் எதுவரை கேட்கும், கையால் வீசிய கல் எங்கே போய் விழும், பார்வை எங்கே மங்கும் என்று ஒவ்வொன்றும் மனித உடலின் ஓர் ஆற்றல் எங்கே முடிகிறதோ அங்கே எல்லைக்கல்லை நடுகிறது. கூப்பிடு தூரம் காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப மாறும், கூப்பிடுபவரின் தொண்டைக்கு ஏற்ப மாறும், கேட்பவரின் வயதுக்கு ஏற்பவும் மாறும். அளவையியல் அறிந்தவர் இதைக் குறை என்பார். ஆனால் நான் கத்தினால் உதவிக்கு ஆள் வருமா என்ற கேள்விக்கு இருநூறு மீட்டர் என்ற எண்ணில் விடை கிடையாது. கூப்பிடு தூரம் என்ற சொல்லில் அந்த விடை முன்பே அடங்கியிருக்கிறது.

இப்படி ஆளுக்கு ஆள் மாறும் அளவுகளிலிருந்து மனிதரை நீக்கிவிட வேண்டும் என்ற முயற்சியாகத்தான் மீட்டர் பிறந்தது. 1791-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள நீளத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று முடிவு செய்தது. எந்த அரசனின் பாதமும் எந்த வணிகனின் முழங்கையும் அதில் இருக்கக் கூடாது என்பது நோக்கம். அதற்காக டெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் 1792 முதல் 1798 வரை, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே, டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்துகொண்டு போனார்கள். பூமியின் வடிவத்தைப் பற்றிய கணிப்பு முழுமையாகச் சரியாக இல்லாததால், அவர்கள் முடிவின்படி செய்த பிளாட்டினக் கோல் தேவையான நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவாகவே அமைந்தது. அந்தக் கோலின் நீளத்தைத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. பின்னர் 1889-இல் பிளாட்டின-இரிடியக் கோல், 1960-இல் கிரிப்டான் அணுவின் ஒளி அலை என்று வரையறை மாறிக்கொண்டே வந்து, 1983-இல் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி செல்லும் நீளமே மீட்டர் என்று நிலைபெற்றது. வழிப்போக்கரின் "பத்து நிமிடம்" என்ற பதிலுக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், நடப்பவர் மாறியிருக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. இரண்டு நூற்றாண்டுத் துல்லியத்துக்குப் பிறகு அறிவியலும் தூரத்தை நேரத்தால்தான் சொல்கிறது.

நிலவின் தூரத்தையும் இப்படித்தான் அளக்கிறார்கள். 1969-இல் அப்போலோ 11 பயணிகள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களின் மேல் பூமியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தினால், அது போய்த் திரும்பச் சுமார் இரண்டரை நொடி ஆகிறது. சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். இந்த அளவீட்டைத் தொடர்ந்து செய்ததில் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. இன்னும் வெகு தொலைவுக்குப் போனால் தூரம் என்ற ஒற்றைச் சொல்லே போதாமல் போகிறது. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்; அப்படியானால் நாம் காணக்கூடிய மிகத் தொலைவான இடம் 1,380 கோடி ஒளியாண்டில்தானே இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் வெளியும் விரிந்துகொண்டே இருந்ததால், அந்த எல்லை இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளி புறப்பட்டபோது இருந்த தூரமா, அது நடந்த தூரமா, இப்போதிருக்கும் தூரமா என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் வானியலாளர்கள் எண்ணைச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒருவரைச் சந்திக்கும்போது நமக்கும் ஏறக்குறைய இதே குழப்பம் வருகிறது: பிரிந்தபோது இருந்த இடைவெளி ஒன்று, நடுவில் நாம் கடந்து வந்தது ஒன்று, இப்போது எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது இருப்பது வேறொன்று.

தமிழில் தூரத்தைக் குறிக்கும் சொற்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது "எட்ட" என்பது. "எட்ட நில்" என்றால் தள்ளி நில், நெருங்காதே என்று பொருள். "கைக்கு எட்டும்" என்றால் தொடக்கூடிய அளவில் இருக்கிறது என்று பொருள். ஒரே வேரிலிருந்து தூரமும் வருகிறது, தூரம் தீர்ந்துபோவதும் வருகிறது. முதலில் முரண் போலத் தெரிந்தாலும் "எட்டிப் பார்", "எட்டிப் பிடி", "எட்டி நட" போன்ற வழக்குகளை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்குகிறது: உடல் தன்னை நீட்டிக்கொள்வதுதான் இவை எல்லாவற்றிலும் நடக்கிறது. நீட்டினால்தான் தொட முடியும் என்ற நிலையில் இருப்பது எட்டத்தில் இருக்கிறது; நீட்டித் தொட்டுவிட்டால் எட்டிவிட்டது. "தொலைவு" என்ற சொல்லின் போக்கு வேறு. தொலைதல் என்றால் முடிந்துபோதல், காணாமல் போதல். ஒருவரைத் "தொலைந்து போ" என்று திட்டும்போது அவர் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்று யாரும் கணக்கிடுவதில்லை, கண்ணில் படாத இடத்துக்குப் போனால் போதும். எட்டம் முயற்சியால் குறையக்கூடிய தூரமாகவும், தொலைவு கையை விட்டுப் போன தூரமாகவும் என் காதில் விழுகின்றன. அந்தத் தொலைவையே எடுத்துத் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்று, தூரத்தை இல்லாமலாக்கும் கருவிகளுக்குப் பெயராக வைத்ததில் கலைச்சொல்லாக்கியவர்களின் துணிச்சல் தெரிகிறது.

இதே இடத்தில் ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். தூரத்தில் உள்ளவற்றைத் தெளிவாகப் பார்த்து அருகில் உள்ளவற்றில் தடுமாறுவது கண்ணில் இருந்தால் அதற்குத் தூரப்பார்வை என்று பெயர், கண்ணாடி போட்டுச் சரிசெய்ய வேண்டும். அதே தன்மை ஒரு தலைவரிடம் இருந்தால் அதைத் தொலைநோக்கு என்று பாராட்டுகிறோம். அவருக்கு யாரும் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை.

கணிதத்தில் ஒன்றைத் தூரம் என்று அழைக்க வேண்டுமானால் அது சில விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். 1906-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோரிஸ் ஃப்ரெஷே தம் ஆய்வேட்டில் இந்தக் கருத்தை முறைப்படுத்தினார். ஒரு புள்ளிக்கும் அதே புள்ளிக்கும் இடையே தூரம் சுழி, வெவ்வேறு புள்ளிகளுக்கிடையே அது சுழியாகாது என்பது முதல் விதி. இங்கிருந்து அங்குள்ள தூரமும் அங்கிருந்து இங்குள்ள தூரமும் சமம் என்பது அடுத்தது, சமச்சீர் விதி. வேறோர் இடத்தின் வழியாகச் சுற்றிப் போவதால் தூரம் குறையாது என்பது கடைசியானது, முக்கோண விதி. இவை நிறைவேறினால் போதும், புள்ளிகள் நிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1965-இல் சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் சொற்களுக்கிடையே ஒரு தூரத்தை வரையறுத்தார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ அதுவே அவற்றின் இடையிலான தூரம். "மனம்" என்பதற்கும் "மணம்" என்பதற்கும் இந்தக் கணக்கில் தூரம் ஒன்றுதான். நாம் தவறாகத் தட்டச்சு செய்த சொல்லுக்குக் கணினி சரியான சொல்லைப் பரிந்துரைப்பதற்கு இத்தகைய கணக்குகள் உதவுகின்றன; பொருளில் அவ்விரு சொற்களும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை இந்தக் கணக்கு பொருட்படுத்துவதில்லை.

இந்த மூன்று விதிகளும் அழகானவை, அப்பழுக்கற்றவை. மனிதர்களுக்கு இடையிலான தூரம் மூன்றையும் மீறுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி.

சமச்சீர் விதியையே முதலில் எடுத்துக்கொள்வோம். மனிதர் உள்ளே வராத இடங்களிலேயே அது தடுமாறுகிறது: மலையடிவாரத்திலிருந்து உச்சிக்குள்ள தூரமும் உச்சியிலிருந்து அடிவாரத்துக்குள்ள தூரமும் கால்களுக்கு ஒன்றல்ல, அட்லாண்டிக் பெருங்கடலைக் கிழக்கு நோக்கிக் கடக்கும் விமானம் உயரத்தில் வீசும் மேலைக் காற்றின் துணையால், எதிர்த்திசையில் வரும் விமானத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. காற்றும் சரிவும் இல்லாத சமநிலப் பாதையில்கூடப் புதிய இடத்துக்குப் போகும் வழி நீண்டும் திரும்பும் வழி சுருங்கியும் தோன்றுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து தரும் விளக்கங்களில் ஒன்று எனக்கு ஏற்புடையது: போகும்போது நாம் எதிர்பார்த்ததைவிட நேரம் அதிகமாவதால், திரும்பும் வழியும் அவ்வளவு நீளம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்கிறோம், அந்தத் தயாரிப்புக்கு எதிரே நின்று பார்க்கும்போது அதே வழி குறுகித் தெரிகிறது. உறவுகளுக்கு வந்தால் சமச்சீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அலுவலகத்தில் கீழ்நிலையில் இருப்பவர் மேலதிகாரியைப் பார்க்க நேரம் கேட்டு, காரணம் சொல்லி, வாசலில் காத்திருந்து உள்ளே போகிறார். மேலதிகாரி அவரைப் பார்க்க ஒரு மணியை அழுத்தினால் போதும். இருவர் மேசைகளுக்கும் நடுவே உள்ள அடிகளின் எண்ணிக்கை மட்டும் இரு திசையிலும் ஒன்றாகவே இருக்கிறது. நாம் நெருங்கிய நண்பராகக் கருதும் ஒருவர் தம் நண்பர்களின் பட்டியலில் நம்மை எங்கோ கடைசியில் வைத்திருப்பதும் உண்டு. இது தெரியவரும் நாளில் மனம் புண்படுவதற்குக் காரணம், தூரம் இருபுறமும் சமமாக இருக்கும் என்ற கணித நம்பிக்கையை நாம் உறவுக்குள் கொண்டுபோனதுதான்.

முக்கோண விதி இன்னும் மோசமாக முறிகிறது. எனக்கு மிக அருகில் இருக்கும் இருவர், விதிப்படி, ஒருவருக்கொருவர் அதிகத் தொலைவில் இருக்க முடியாது. ஆனால் தமக்கு நெருங்கிய இரண்டு நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாதவர்களாக இருப்பதை அறியாதவர் எவர்? நடுவில் நிற்பவர் இருபுறமும் செய்தி கொண்டுபோகிறார், இருவரையும் ஒரே நாளில் அழைக்காமல் பார்த்துக்கொள்கிறார், ஒருவரிடம் பேசும்போது மற்றவர் பெயரை விழுங்குகிறார். இதற்கு எதிரான மீறலும் உண்டு: நேரடியாகப் பேசினால் கடக்க முடியாத தூரத்தை, மூன்றாம் மனிதர் ஒருவர் வழியாகச் சுற்றிப் போய் எளிதில் கடந்துவிடுகிறோம். தூது என்ற ஏற்பாடு முழுவதும் முக்கோண விதியை மறுத்துத்தான் நிற்கிறது. முதல் விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனக்கும் தனக்கும் இடையே தூரம் சுழி என்பதை, இளமையில் தாம் எழுதிய கடிதம் ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்துப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்.

மொழியின் இலக்கணத்துக்குள்ளும் தூரம் ஊடுருவியிருக்கிறது. தமிழில் அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம் என்று இரண்டு சுட்டுகள் எல்லோருக்கும் தெரியும்; இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு உகரம் இருந்தது, உவன், உவள், உது என்று. பெரும்பாலோர் பேச்சில் அது மறைந்துவிட்டாலும், ஈழத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சில் உது, உவர், உங்கை என்று இன்றும் உயிரோடிருக்கிறது. பக்கத்தில், எட்டத்தில் என்று உலகத்தை இரண்டாகப் பிரிப்பவருக்கும், நடுவில் ஒரு படியை வைத்திருப்பவருக்கும் வாக்கியத்தின் நுட்பம் வேறாகத்தான் இருக்கும். அந்தப் படியை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. முன்னிலையில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையிலும் ஒரு தூரம் இருக்கிறது, அதைக் குறைக்கும் உரிமை பொதுவாக மூத்தவர் கையில்தான் இருக்கிறது. நெடுநாள் "நீ" என்று அழைத்தவர் ஒருநாள் சண்டைக்குப் பிறகு "நீங்கள்" என்று தொடங்கினால், அந்த மரியாதையில் கூடியிருக்கும் தூரத்தைக் கேட்பவர் உடனே அளந்துவிடுவார்.

அளவு, எல்லை என்ற பொருளிலும் தூரம் வருகிறது: "அது எவ்வளவு தூரம் உண்மை?", "இவ்வளவு தூரம் சொல்லியும் கேட்கவில்லை". பேச்சு வழக்கில் மாதவிலக்கை நேரே சொல்லக் கூசி "வீட்டுக்குத் தூரம்" என்றார்கள். அந்த இடக்கரடக்கலில் ஒரு பெண் தன் வீட்டிலேயே எங்கே நிறுத்தப்பட்டாள் என்பதும் பதிவாகிவிட்டது. "தூரத்து உறவு" என்பதில் இடமே இல்லை, அவர் அடுத்த தெருவிலேயே குடியிருக்கலாம். "கிட்ட உறவு முட்டப் பகை" என்ற பழமொழியை எழுதியவர் அந்த அடுத்த தெருவை நன்கு அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

உடல்களுக்கிடையே மனிதர்கள் விடும் வெளியை 1960-களில் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் அளந்து எழுதினார். மிக நெருங்கியவருக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வரை, நண்பருக்கு 1.2 மீட்டர் வரை, அறிமுகமானவருக்கும் அலுவல் பேச்சுக்கும் 3.6 மீட்டர் வரை, அதற்கு அப்பால் மேடைப் பேச்சாளருக்கும் கூட்டத்துக்கும் உரிய வெளி. அவர் கண்டது முதன்மையாக அமெரிக்க நடுத்தர வகுப்பினரின் பழக்கம், பண்பாட்டுக்குப் பண்பாடு இது மாறும் என்பதை அவரே வற்புறுத்தினார். பின்னால் வந்த தன்முன்னேற்ற நூல்கள் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டன. மின்தூக்கியில் ஐந்து பேர் ஏறியதும் எல்லோரும் எண் பலகையைப் பார்க்கத் தொடங்குவதைக் கவனித்தால், உடல் நெருங்கியே ஆக வேண்டிய இடத்தில் பார்வையைத் திருப்பி அந்த வெளியை மீட்டுக்கொள்கிறோம் என்பது புலப்படும்.

2020-இல் நோய்த்தொற்றைத் தடுக்க எல்லோரும் விலகி நிற்க வேண்டி வந்தபோது, இந்தச் சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் தேர்வுக்கு வந்தன. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து "சமூக விலகல்" என்று முதலில் எழுதினார்கள். மக்களைப் பிரித்து வைப்பது போல ஒலித்த அந்தத் தொடர் பலருக்கு உறுத்தியது, உறுத்தியதில் நியாயமும் இருந்தது. பிறகு "சமூக இடைவெளி" வந்தது, அதுவும் பொருந்தாமல் "தனிநபர் இடைவெளி" வந்தது. உலக சுகாதார நிறுவனமே அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், விலக வேண்டியவை உடல்கள்தாம், மக்கள் ஒருவரோடொருவர் தொடர்பில் இருக்கட்டும் என்று விளக்கி, "சமூக" என்ற அடைமொழியைக் கைவிட்டு உடல் சார்ந்த இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. அந்நிறுவனம் கேட்டது குறைந்தது 1 மீட்டர் வெளியைத்தான். "ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள்" என்று நான்கு சொற்களில் அறிவித்திருந்தால், சமூகத்தையும் தனிநபரையும் வம்புக்கு இழுக்காமலேயே எல்லோரும் தள்ளி நின்றிருப்பார்கள்.